போடாத ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்தேன். மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில், ஏழு மாத வயிற்றோடு வலி கண்ட ஒரு பெண்ணை அவள் மாமியார் கூட்டிவந்தார்.

"சொல்லச் சொல்லக் கேக்காம திருமானூருக்கு பஸ் ஏறிப் போனா டாக்டரம்மா. அக்கா வூட்டு விசேசமாம். குலுங்குன குலுக்கல்ல இப்படி ஆயிடுச்சு."

அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அது கடைசி மாதங்களில்தான் போதுமான அளவு ஊறும். பிரசவத்துக்கு ஒருநாள் முன்னால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் ஊறும் என்று கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். அதே மருந்து, ஆஸ்துமாக்காரர்களுக்காக வாங்கியது, எங்கள் அலமாரியில் இருந்தது.

பெரிய டாக்டரிடம் கேட்டிருக்கலாம். "புக்குல படிச்சதையெல்லாம் இங்க செய்யாதே" என்று முந்தின வாரம்தான் வேறொரு விஷயத்துக்காக நர்சுகள் முன்னால் திட்டியிருந்தார். இன்னொரு முறை திட்டு வாங்கப் பயம். கேட்கவில்லை; ஊசியும் போடவில்லை. குழந்தை மறுநாள் மத்தியானம்தான் பிறந்தது. ஒரு நாளுக்கு மேலேயே எனக்கு அவகாசம் இருந்திருக்கிறது.

பெண் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. விலா குழிந்து குழிந்து எழுந்தது. திருச்சிக்கு அனுப்பினோம். ஒன்றரை மாதம் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தது. ஆனால் நுரையீரல் தேறவில்லை. பனிக்காலம் வந்தால் மூச்சு இழுத்துக்கொண்டு என்னிடம் வரும்.

"எல்லாம் என்னாலதான்" என்பாள் தாய். நான் சீட்டெழுதிக்கொண்டிருப்பேன். பழியை அவளே சுமந்தது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

குழந்தைக்கு ஐந்து வயதானபோது, ஒருநாள் அதை இடுப்பில் வைத்து நாலு மைல் நடந்தே வந்திருந்தாள்.

"ஏம்மா, பஸ் வரலியா?"

"பஸ்ஸப் பாத்தாலே அந்த நெனப்பு வந்துருதுங்க. அக்கா வூட்டுக்கும் அப்புறம் போவல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உன்மேல தப்பே இல்லம்மா. பஸ்ஸுல போனதால இப்படி ஆகல" என்றேன். நான் போடாமல் விட்ட ஊசியைப் பற்றியும் சொன்னேன். போட்டிருந்தாலும் குழந்தை தேறியிருக்கும் என்பது நிச்சயமில்லை என்று சேர்த்துச் சொல்ல நாக்கு துடித்தது. உண்மைதான்; ஆனாலும் சொல்லவில்லை.

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த ஊசிய இப்பப் போட்டா சரியாயிடுங்களா?"

"இல்லம்மா. அது பொறக்கறதுக்கு முன்னாடி போடறது."

குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். சீட்டை வாங்கிக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் "போயிட்டு வரேங்க" என்ற சொல் இல்லாமல் போனாள்.

அடுத்த பனிக்காலத்தில் அவர்கள் வரவில்லை. அரியலூரில் யாரோ ஒரு டாக்டரிடம் காட்டுவதாக நர்ஸ் சொன்னாள். குழந்தை எப்படியிருக்கிறது என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.