மதகுக்கு வைத்த கேமரா

கேமரா மாட்டுகிறவனுக்கு ஏணியில் ஏறும்வரைதான் மரியாதை. இறங்கும்போது தெருவே முறைத்துக்கொண்டு நிற்கும். கேமராவுக்குக் கீழே தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நடக்கும் அன்பர்களே, உங்கள் அவஸ்தை எனக்கும் உண்டு.

நல்ல மழை

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கடைத்தெரு முக்கில், போலீசுக்காக ஒன்று மாட்டினேன். நேர் எதிரே சலீம் பாயின் டீக்கடை. காலையில் அரசாங்கத்தை ஒருமுறையாவது கவிழ்க்காமல் அந்த பெஞ்சிலிருந்து யாரும் எழ மாட்டார்கள். கேமரா வந்த வாரமே பெஞ்சு அடங்கிவிட்டது. இதற்குக் கண் மட்டும்தான், காது கிடையாது என்று பாயிடம் விளக்கினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது ஒங்களுக்குத் தெரியும் தம்பி, அவங்களுக்கு? இப்பல்லாம் மழையப் பத்தி மட்டுந்தான் பேசுறாங்க. அதுவும் நல்ல மழைன்னுதான் சொல்றாங்க."

சத்தமில்லாத ஊர்

எல்லாக் கேமராப் படங்களும் வந்து சேரும் போலீஸ் அறை திருவாரூரில் இருக்கிறது. பழுது பார்க்கப் போனால் எனக்கு வேலை ஓடாது. விடியற்காலையில் அத்தனை திரையிலும் பனி. வெள்ளையிலிருந்து மெல்ல ஒரு வரப்பு வரும், பிறகு ஒரு சைக்கிள், டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள். எதற்கும் சத்தம் இல்லை. நாற்றங்காலில் காற்று ஓடுவதைப் பார்த்தபடி வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பேன். தூக்கத்துக்குள் ஊரே நடந்துபோவது போல இருக்கும். பணியிலிருந்த ஏட்டு முருகேசனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்: "அந்தக் கொக்குக்கு நாம பாக்குறது தெரியுமாய்யா?"

படித்துறை

ஒரு கிராமத்து வாய்க்கால் மதகின் இரும்புச் சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுச் சக்கரம் போட்டு, கேமராவும் வைக்கச் சொன்னார் பாசனத்துறை அதிகாரி. அங்கே இருந்த ஒரே கம்பம் படித்துறை ஓரத்தில். படத்தில் மதகு ஒரு மூலையில்தான் விழுந்தது, மீதியெல்லாம் படித்துறை. நடவு முடிந்து முழங்கால் சேற்றோடு வரும் பெண்கள் அங்கே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மதகுக்கு வைத்தது என்று நான் சொன்னதை நம்பிக் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவன் அவர்களில் ஒரு பெண்ணிடம், "நேத்து ஏன் சீக்கிரம் கரையேறிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

மறுநாளிலிருந்து அவர்கள் கீழே வளைவில் இறங்கினார்கள். அங்கே தண்ணீர் ஆளை இழுக்கும். ஒருத்தி கோரையைப் பிடித்துத்தான் தப்பினாள். நடவு ஆட்களைக் கூட்டிவரும் வாசுகியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்: யார் யார் பார்க்கிறார்கள்? போலீஸ் ஸ்டேஷன், திருவாரூர் அறை... அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதிகாரிக்குப் போன் போட்டேன். தப்பு செய்யாதவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்றார். அதை அப்படியே சொன்னதும் அக்கா சொன்னது: "அந்த சாரு குளிக்கிறதும் தப்பில்லதான தம்பி? கதவத் தொறந்து போட்டுக்கிட்டா குளிக்கிறாருன்னு கேட்டுச் சொல்லு."

திரையில் சேலை

சில நாளில் அந்த மதகுக் கேமரா பழுது என்று திருவாரூரிலிருந்து அழைப்பு. திரையில் மஞ்சள் அலையடித்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை. கனவு மாதிரி இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். போய்ப் பார்த்தால் கம்பத்திலிருந்து பூவரசு மரம்வரை நனைந்த சேலைகள் காய்கின்றன. அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம், சிரிப்பு. ஒரே இழுப்பில் அவிழ்த்திருக்கலாம். எனக்குக் கை போகவில்லை.

அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கினார். வாசுகியக்கா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "மதகுச் சக்கரந்தான சார் காணாமப் போச்சு? அதப் பாக்கச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்," என்றார். அதிகாரி சேலைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "திருப்புய்யா," என்றார்.

திருப்பிவிட்டு இறங்கி, அக்காவிடம் என் செல்போனில் படத்தைக் காட்டினேன். சக்கரம், தண்ணீர், அவ்வளவுதான். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இத்தன நாளு இதுக்குள்ள நாங்க இருந்தோமே, அந்த நாங்க இப்ப எங்க இருக்கோம் தம்பி?"

கேமராவை நகர்த்த ஒரு ஸ்பேனர் போதும். அது பார்த்துவிட்டதை இறக்கிக்கொண்டு வரத்தான் என்னிடம் எட்டுகிற ஏணி இல்லை.