சனிக்கிழமை ராகு காலம்

ராகு காலம் என்றால் கூட்டமில்லாத நேரம் என்று ஊருக்கே சொல்லிச் சிரித்தவர் எங்கள் தாத்தா. ரேஷன் கடைக்குப் போவது, ரயில் டிக்கெட் எடுப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான், வரிசை இருக்காதாம். அப்படிப்பட்டவர் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "ராகு காலம் முடியட்டும்டா, அப்புறம் கிளம்பலாம்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் அது. எனக்கு எட்டு வயது. சான்டா கிளாராவில் குடியிருந்தோம். தாத்தா முதன்முதலாக அமெரிக்கா வந்திருந்தார். நியூ ஜெர்சியில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிற வழியில் எங்களோடு இரண்டே நாள். அதற்குள் அப்பா போட்டிருந்த திட்டம் ஒன்றே ஒன்று: விமான நிலையத்திலிருந்து நேரே காரில் மலைமேலிருக்கும் பனிச்சறுக்கு ஊருக்குப் போவது. அங்கே என் சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா மேற்படிப்புக்கு வந்தவர். படிப்பைப் பாதியில் விட்டு, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, சறுக்க வருகிறவர்களை உச்சிக்கு ஏற்றுகிற லிஃப்ட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தாத்தா சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. மாம்பலத்தில் கேட்பவர்களிடம் மட்டும், "சின்னவன் ஹோட்டல் லைன்ல இருக்கான்" என்பாராம். அப்பாதான் இருவரிடமும் மாறி மாறிப் பேசி இந்தச் சந்திப்புக்குச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"அப்பா, மத்தியானத்துக்கு மேல ஸ்னோ ஸ்டார்ம்னு ரேடியோல சொல்றான். ரோடை க்ளோஸ் பண்ணிடுவாங்க. இப்பவே டிரைவ் பண்ணினாத்தான் உண்டு."

"நல்ல காரியத்துக்குப் போறோம். நேரம் பாக்க வேண்டாமா?"

மாமனாருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கார் நிறுத்துமிடத்திலேயே மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ராகு காலம் முடிந்தது. தாத்தாவுக்கு இன்னொரு காபி வேண்டியிருந்தது. அதன்பின் கம்பளிக் குல்லாவைக் காணோம் என்றார். எல்லாப் பெட்டிகளையும் திறந்து கொட்டினோம். குல்லா அவர் கோட்டுப் பையில்தான் இருந்தது.

சமவெளி முழுக்க மழை. மலை ஏற ஏற அது பனியானது. நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு குதித்தேன். டயருக்குக் கட்டுகிற சங்கிலியெல்லாம் அப்பா தயாராக வைத்திருந்தார். ஆனால் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவர் காரை மறித்து, மலைப்பாதையை மூடியாகிவிட்டது, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் போயிருக்கலாம் என்றார்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றிலிருந்து அப்பா சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தார். அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சித்தி சாம்பார் வைத்திருந்தாளாம். சித்தப்பா காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாராம். அப்பா ரிசீவரைத் தாத்தாவிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அங்க ரொம்பக் குளிரா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி, சரி. வாசல்ல நிக்காத. உள்ள போ." அவ்வளவுதான், திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அவர் காலடியில் பனியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் பாதை திறக்கவில்லை. நியூ ஜெர்சியிலிருந்து தாத்தா லண்டன் வழியாக அப்படியே ஊர் திரும்பினார். சித்தப்பா அடுத்து மெட்ராஸ் போனது தாத்தாவின் காரியத்துக்குத்தான்.

திங்கட்கிழமை காலை நியூ ஜெர்சி விமானத்துக்குக் கிளம்பும்போது நடந்தது இது. அந்த இரண்டு நாளில் அம்மாவின் நாள்காட்டியில் ராகு காலம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். பெட்டியோடு முதல் ஆளாக வாசலில் நின்ற தாத்தாவிடம் ஓடி, "தாத்தா, இட்ஸ் ராகு காலம்!" என்று கத்தினேன்.

"அது கெடக்குதும்மா, பிளேனுக்கு நேரமாச்சு" என்று காரில் ஏறிக்கொண்டார். அப்பா அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ராகு காலம் காருக்கு மட்டும்தான், விமானத்துக்குக் கிடையாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு மனிதர் அவ்வளவு பயப்படுவார் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?