பேசாமல் நிற்கும் பயிற்சி

மருத்துவத் தகவலியல் மேற்பயிற்சியில் எனக்குத் தந்த முதல் வேலை, வாயை மூடிக்கொண்டு நிற்பது. டொக்டர்கள் பாவிக்கும் கொம்பியூட்டர் திரையை இலகுவாக்கத்தான் இந்தப் படிப்பு. அதற்கு முதலில், ஒரு டொக்டர் எதைப் பார்க்கிறார், எதை அழுத்துகிறார் என்று பின்னால் நின்று கையிலிருக்கும் டப்லெட் திரையில் குறிக்க வேண்டும். நான் பேசினால் அவருடைய வழமை குழம்பிவிடுமாம். அந்தப் பதிவு செல்லாது, இன்னொரு நோயாளிக்காக மறுபடி நிற்க வேண்டும். மருத்துவம் படித்து முடித்தவளைக் கனடாவில், ஸ்கார்பரோ கிளினிக் ஒன்றின் மூலையில் கோட்டுக் கொழுவும் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். எரிச்சல் மண்டைக்கு ஏறும். விட்டுவிட்டு ஓடவும் முடியாது. அம்மா நாங்கள் இருக்கும் அஜக்ஸ் ஊர் முழுக்க, "பிள்ளைக்கு இனி நைட் வேலை இல்லை, நிம்மதி" என்று சந்தோஷப் புளுகத்தோடு சொல்லித் திரிந்தார். நிம்மதியாம்!

அன்று ஒரு தமிழ் அன்ரியும் கணவரும் வந்தார்கள். நான் முகக்கவசம் போட்டிருந்ததால் நானும் தமிழ் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க அன்ரி குளிசை போடுபவர். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, கணவர்தான் மொழிபெயர்த்தார். மருந்து போதவில்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. குளிசையை ஒவ்வொரு நாளும் போடுகிறாரா என்று டொக்டர் கேட்டார்.

அன்ரி கணவர் பக்கம் சாய்ந்தார். "இஞ்சாருங்கோ, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. உந்த டொக்டர் மனிசன் ஏசும்."

"ஒவ்வொரு நாளும் போடுகிறார்" என்றார் கணவர் ஆங்கிலத்தில், கண் இமைக்காமல்.

டொக்டர் அளவைக் கூட்டப் போனார். அன்ரி நாளைக்கே பயந்து தினமும் போடத் தொடங்கினால், கூட்டிய மருந்து உடம்புக்குள் இரத்தம் கசிய வைத்துவிடும். என் டப்லெட்டில் 'மருந்து அளவு மாற்றம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. கடவுளே, என் விரல் முதலில் அதைத்தான் அழுத்தியது! பிறகுதான் வாய் திறந்தது.

"டொக்டர், அவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார்."

டொக்டர் கீபோர்டில் இருந்து கையை எடுத்தார், எனக்கு நன்றி சொன்னார். பிறகு கணவர் மூலம் ஆறுதலாக எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். ஏசவில்லை. மருந்தின் அளவும் மாறவில்லை. என் பதிவு மட்டும் போச்சு.

வெளியே போகும்போது அன்ரி என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் கோபம்.

"நீர் தமிழே? எல்லாத்தையும் கேட்டுக்கொண்டே நிண்டனீர்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. நானும் டொக்டர்தான்."

அன்ரி என் டப்லெட்டைப் பார்த்தார். நான் நின்ற மூலையைப் பார்த்தார். கோபம் இறங்கி முகத்தில் இரக்கம் வந்தது. கோபமே பரவாயில்லை போலிருந்தது.

"டொக்டரெண்டால், ஏன் பிள்ளை உம்மை ஒருத்தரும் கதிரையில இருக்கச் சொல்லேல்லை?"

உள்ளே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். நான் போய் அதே மூலையில் நின்றேன்.