சுவரோடு முதுகை ஒட்டி

புது வண்டி எடுக்கப் போனால் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதானே? அனுப்ப மாட்டார்கள். போன மாதம் நானும் என் வீட்டுக்காரரும் அவிநாசி ரோட்டு ஷோரூம் ஒன்றில், அட்டையில் வெட்டிய ஆள் உயரச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றோம். பட்டுத்துணியை உருவச் சொன்னார்கள், உருவினோம். மணி அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு அன்றைக்கு அது எத்தனையாவது கைதட்டலோ, பாவம். கடைசியாக ஒரு தம்பி பின்கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கரை உரித்துக்கொண்டே வந்தான்.

"ஒட்டாதீங்க தம்பி," என்றேன்.

"ஃப்ரீதானுங்க மேடம்."

"ஃப்ரீங்கறதாலதான் வேண்டாங்கறேன்."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு ஸ்டிக்கருக்கு இவள் எதற்கு இப்படி முறுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார். அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு அலுப்பாக இருந்தது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது. அப்போதும் இதே கூத்துதான். அட்டைச் சாவி மட்டும் கொஞ்சம் சின்னது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. ஷோரூம்காரர்கள் பின்கண்ணாடியில் பாதியை அடைத்து மஞ்சளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'எப்போதும் உங்கள் கூடவே' என்று எழுதி, ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம். அது எங்கள் வண்டிக்கென்று உள்ள அடையாளமாம். சிவப்புச் சட்டை போட்ட பையன்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பார்களாம். இந்த ஸ்டிக்கர் உள்ள வண்டி எங்கே நின்றாலும் போனைக் காட்டி அந்தச் சதுரத்தைப் பிடிப்பார்களாம். எந்த வண்டி, எந்த ஊர், எத்தனை மணி எல்லாம் ஷோரூமுக்குப் போய்விடுமாம். அப்படிச் சிக்கிய வண்டிகளில் வாரம் ஒன்றுக்கு கியர் சைக்கிள் பரிசு.

கியர் சைக்கிள்! எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அப்பாவுக்கும் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். பீளமேட்டில் எங்கள் வீடு, கணபதியில் அப்பாவின் பட்டறை. பம்புசெட்டுக்குச் சாமான் கடைந்து கொடுக்கிற இடம், எங்கும் இரும்புத்தூளும் எண்ணெயும். அங்கே கொண்டுபோனால் வண்டி கெட்டுவிடும் என்று பழைய ஸ்கூட்டரிலேயே போவார். ஞாயிற்றுக்கிழமையானால் ஈரத்துணியால் ஸ்டிக்கரைத் துடைத்து, எங்களை ஏற்றிக்கொண்டு ஆர்.எஸ்.புரம் போவார். அங்கே எங்களுக்கு வாங்க ஒன்றும் கிடையாது. நகைக்கடை வாசலில் கொஞ்ச நேரம், பட்டுக்கடை வாசலில் கொஞ்ச நேரம் என்று வண்டியை நிறுத்துவார். நாங்கள் மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். கடைக் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினால் அடுத்த கடைக்கு நகர்வோம். சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன்கூட கண்ணில் படவில்லை.

"இதுக்கு ஊட்லயே உக்காந்திருக்கலாமுங்க," என்பாள் அம்மா. அலுத்துப்போன குரல்.

அம்மாவும் வண்டி ஓட்டுவாள். கற்றுக்கொள்ளச் சொன்னதே அப்பாதான். "இந்தக் காலத்துல பொம்பளைக ஓட்டாம எப்படிங்கறேன்," என்று பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அப்பா அந்த மாதிரி விஷயங்களில் தாராளம். வேறு விஷயங்களில்தான் இரும்பு.

அந்த இரும்பு எதில் என்றால், சோமனூரில். அங்கேதான் அம்மா பிறந்த வீடு. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தறிக்கூடம் வைத்திருந்தார். புது வீடு கட்டி, புண்ணியார்ச்சனைக்கு அழைக்க, கார் வருவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் வந்தார். வந்த நேரம், அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. பத்திரிகையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, "மாப்பளகிட்டச் சொல்லிப்போடு அம்மிணி," என்று கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது சின்னத் தப்பு இல்லை. வீட்டு ஆம்பளையை முகம் பார்த்து, கையில் கொடுத்து, 'குடும்பத்தோட வந்துருங்க' என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது அழைப்பே கிடையாது.

"நான் மேல் தொடச்சுட்டு வர்ற வரைக்கும் நிக்க முடியாதவன் ஊட்டு விசேசத்துக்கு நான் எதுக்குப் போகோணும்?" என்றார் அப்பா. போகவில்லை. எங்களையும் விடவில்லை. வராததற்கு மாமா கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டதற்கு அப்பா கோபித்துக்கொண்டார். இந்த ஊட்டுக் கால் அந்த ஊட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிந்தது. ஒரு துண்டு கட்டிக்கொண்டு வெளியே தலையை நீட்டியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆயாசமாக வருகிறது.

அந்தப் புது வீட்டில்தான் அப்புச்சி, அம்மாவின் அப்பா, படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

வண்டி வந்து கொஞ்ச நாளில், ஒரு புதன்கிழமை அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் அம்மா தூக்குப்போசியில் கஞ்சியை ஊற்றினாள். "கண்ணு, செருப்பப் போடு," என்றாள். அவிநாசி ரோட்டில் போய், கருமத்தம்பட்டியில் திரும்பி, சோமனூர். தறிச்சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மாமாவின் தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அதில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்து, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் நிறுத்தினாள். ஸ்டிக்கருக்கும் சுவருக்கும் நடுவில் என் கைகூட நுழையாது. யாரும் இனிமேல் அந்தச் சதுரத்தைப் பார்க்க முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்படி நிறுத்தினா சைக்கிள் எப்படிம்மா கெடைக்கும்?"

"கெடைக்காமப் போகட்டும். அப்பாகிட்ட வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."

அப்புச்சிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டிருந்தது. அம்மா அவர் தலையை மடியில் வைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டுவாள். பாதி வழிந்துவிடும், துடைத்து மறுபடி ஊட்டுவாள். மாமா வாசற்படியில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அப்புச்சி என்னைப் பார்த்து, "வண்டி என்ன கலருங் கண்ணு?" என்று கேட்பார். நீலம் என்பேன். அடுத்த புதன்கிழமை மறந்துபோய் மறுபடியும் கேட்பார். எழுந்து வந்து பார்க்க அவரால் முடியாது. வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்ட அம்மாவால் முடியாது.

ஒவ்வொரு புதன்கிழமையும் போனோம். அம்மாவுக்கு ரிவர்ஸ் அப்படிக் கைவந்துவிட்டது. "நம்ம தெருவுக்குள்ள பாரு, பொம்பள என்னமா ஒடிச்சுத் திருப்பறா," என்று அப்பா எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

அப்புறம் முதல் இலவச சர்வீஸ் வந்தது. வண்டி கழுவித் துடைத்துத் திரும்பியபோது முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் மஞ்சளாகச் சின்னதாய் ஒன்று ஒட்டியிருந்தது. அடுத்த சர்வீஸ் எப்போது என்று எழுதி ஒட்டுவார்களே, அதுவாக இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல் புதன்கிழமை பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, முன்பக்கத்தை ரோட்டுக்குக் காட்டி நிறுத்தினாள்.

ரெண்டு நாள் கழித்து, சாயங்காலம் தோசைக்கு உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் போன் அடித்தது. கையெல்லாம் சட்னி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று ஒரு அக்கா கூவினாள். "இந்த வாரம் கியர் சைக்கிள் உங்களுக்குத்தானுங்க சார்!"

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தேன். அப்பா முகம் பூவாக மலர்ந்தது. "அப்படிங்களா! எங்கீங்க பாத்தீங்க, ஆர்.எஸ்.புரத்துலயா?"

"இல்லீங்க சார், சோமனூர்ல. தறிக்கூடம் பக்கத்துல, புதன்கிழமை. பின்னாடி சுவத்தோட ஒட்டி நிறுத்தியிருந்தீங்களாம். நல்லவேளை, முன்னாடியும் ஒண்ணு ஒட்டியிருந்தோமுங்க!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா கையில் தோசைக்கரண்டியோடு அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றாள். கல்லில் தோசை தீய்கிற வாசம் வந்தது.

அந்த அக்கா விடவில்லை. "சோமனூர்ல உங்க சொந்தக்காரங்க இருக்காங்களா சார்? நம்பர் குடுத்தீங்கன்னா அவங்களுக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ் ஏற்பாடு பண்ணிடலாமுங்க."

"சோமனூர்ல எங்களுக்கு யாரும் இல்லீங்க," என்றார் அப்பா. "அது எங்க வண்டியா இருக்காது. எங்க வண்டி அன்னிக்கு ஊட்லதான் நின்னுச்சு."

"இல்லீங்க சார், உங்க ஸ்டிக்கர்தான் மேட்ச் ஆகுது. போட்டோ இருக்குங்க சார். இப்பவே வாட்ஸப்ல..."

"வேண்டாமுங்க. அனுப்பாதீங்க." போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "எங்க வண்டிதான்! நாங்கதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். அவள் அப்பாவிடம் திரும்பினாள். சண்டைக்கு நிற்கிற மாதிரி இல்லை, நாள் முழுக்கத் துணி துவைத்தவள் மாதிரி நின்றாள்.

"எங்கப்பன் இருக்காருங்க," என்றாள். "இன்னும் இருக்காருங்க."

அப்பா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். தீய்ந்த தோசையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் வெந்நீர் வாளியும் பிளேடுமாக வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஸ்டிக்கர், லேசில் வரவில்லை. துணுக்குத் துணுக்காகச் சுரண்டினார். முன்னால் இருந்ததையும் சுரண்டினார். எதிர்வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டதற்கு, "ரோடு மறைக்குதுங்க," என்றார். என்னைக் கூப்பிட்டு, "சைக்கிள் நான் வாங்கித் தாரேன் சாமி," என்றார். அப்புறம் வாங்கியும் தந்தார், கியர் இல்லாத சைக்கிள். ஷோரூமிலிருந்து மட்டும் போன் நிற்கவே இல்லை. ஸ்டிக்கரை எடுத்தால் திட்டத்திலிருந்து பெயரை நீக்கிவிடுவோம் என்று பயமுறுத்தினார்கள், மறுபடி ஒட்டித் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். "செரிங்க, செரிங்க," என்று சொல்லிச் சொல்லி அப்பா ஓய்ந்துபோனார்.

அடுத்த புதன்கிழமை ஸ்கூட்டரை எடுக்கும்போது வாசலைப் பார்த்துச் சொன்னார். "கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்குது." சாவி எப்போதும் அங்கேதான் இருக்கும். அதற்கு முன்னால் அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மா வெகுநேரம் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றாள். அப்புறம் கஞ்சி காய்ச்சினாள்.

சோமனூர் போய்ச் சேர்ந்தோம். பின்கண்ணாடியில் பசைத்தடம்தான் மிச்சம். இனிமேல் எவன் போனைக் காட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. அப்படியிருந்தும் அம்மா அதே சந்துக்குள் வண்டியை நுழைத்து, முன்னும் பின்னும் எடுத்து, சுவரோடு முதுகை ஒட்டி நிறுத்தினாள்.

"அதான் ஸ்டிக்கர் இல்லியேம்மா. அப்புச்சி வாசல்லயே நிறுத்தலாமில்ல?"

"வேண்டாங் கண்ணு. அப்பாவுக்கு யாராச்சும் சொல்லிப்போடுவாங்க."

"அப்பாவுக்குத்தான் தெரியுமே!"

"தெரியும்," என்றாள் அம்மா. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவே இல்லை. "அதனாலதான்."

தெரியாததுபோல் இருக்கிற மனுசனிடம் ஒருத்தர் வந்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், அவர் கோபப்பட்டே தீர வேண்டும், அப்புறம் அடுத்த புதன்கிழமை என்று ஒன்று இருக்காது. அது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. இந்தப் பெரியவர்களுக்குப் பைத்தியம், என் கியர் சைக்கிள் சும்மா போயிற்று என்று மட்டும்தான் நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இறங்கி, உள்ளே போய் நங்கென்று வைத்தேன்.

அப்புச்சி கண்ணைத் திறந்து, வண்டி என்ன கலர் என்று கேட்டார்.