பழனிவேலின் கம்ப்யூட்டர் குடிபோன கதை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணப் பத்திரிகை என்றால் பழனிவேலிடம்தான் போவார்கள். அச்சகம் அவருடையதல்ல. பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. எந்தப் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போட வேண்டும், காலமான தாத்தாவை எந்த வரியில் உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்தவர் எழுதிக்கொண்டு வரும் வாசகத்தில் குறை காணாமல் அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஓட்டல் சாம்பார், டவுன் பஸ் சீட்டு, கல்யாண வீட்டு மேளம் எல்லாவற்றுக்கும் அதே வாய்தான். மனுஷனுக்கு வாய் ஜாஸ்தி, மனசில் ஒன்றும் கிடையாது என்பார்கள் தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் குறை சொல்லாத ஒரே பொருள் அவருடைய கம்ப்யூட்டர். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் கடையைப் பெருக்குவார், வாசலில் தண்ணீர் தெளிப்பார், சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுவார், பக்கத்து சைக்கிள் கடை பக்கிரியோடு ஊர் வம்பையெல்லாம் பேசி முடிப்பார். திரும்பி வந்து பார்த்தால் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு நிதானம் என்று அவர் பெயர் வைத்திருந்தார்.

அந்த நிதானத்தால்தான் சண்டையே வந்தது. அவர் மனைவி காயத்ரியின் தம்பி தில்லைநாதன், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, மாமா கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டுத் திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சாமியும் கும்பிட்டுவிட்டு வந்தாலும் அது தயாராக இருக்காது என்று சொல்லிவிட்டான். பந்தியே சிரித்தது. ஊரான் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுகிறவனுக்கு இவ்வளவு பேச்சா என்று பழனிவேல் பதிலுக்குக் கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தில்லைநாதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன், அக்கா வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை.

இப்போது மகள் ப்ரீத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் பெண் மணவறைக்கு வர முடியாது. அக்கா போனில் கேட்டபோது, மாமா கூப்பிடட்டும் பார்க்கலாம் என்பதோடு தம்பி நிறுத்திக்கொண்டான். மாமாவோ போனைத் தொடுவதாக இல்லை. காயத்ரிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கியது. உள்ளூர் மெக்கானிக் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற டிஸ்க் சாகப் போகிறது, வேறு மாட்டி எல்லாவற்றையும் புதிதாகத்தான் போட வேண்டும், பழைய தமிழ் ஃபான்ட்டுகள் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது என்று கையை விரித்தான். அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் பழனிவேல் இல்லை. தம்பியிடம் கொண்டு போங்கள் என்றாள் காயத்ரி. அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது என்பது வேறு விஷயம்.

சி.பி.யு.வைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பழனிவேல் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தார். குழந்தைக்குக் காற்றுப் படட்டும், போர்வையை விலக்குங்கள் என்று பக்கத்து சீட்டு அம்மாள் சொன்னதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பயம்.

தில்லைநாதன் நலம் விசாரிக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தான். கடைத்தெருவுக்குப் போய் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு எஸ்.எஸ்.டி., அதாவது வேகமாக ஓடுகிற புது மாதிரி டிஸ்க், வாங்கி வந்தான். பழைய டிஸ்க்கில் இருக்கிற விண்டோஸ், ஃபான்ட்டு, பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அப்படியே இதற்குக் குடிபெயர்த்துவிடலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. பேச வேறு விஷயம் இல்லாததால் இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். கால்வாசி ஆயிடுச்சு என்றான் இவன். ம் என்றார் அவர். பாதி தாண்டியபோது அவன் மாமியாரின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டார். முக்கால் ஆனபோது சாப்பிட உட்கார்ந்து, மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், அதிலும் ஒரு குறை சொல்லாமல். கை கழுவும்போதுதான் அது வெளியே வந்தது.

“ப்ரீத்திக்கு மால போட நீ வரணும் மச்சான்.”

“வரேன் மாமா.”

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஓட்டிக் காட்டினான். கண் சிமிட்டுவதற்குள் திரை வந்தது. பழனிவேல் அசந்துபோனார். ஆனால் பழையதை அவன் உறையில் போடப் போனதும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“அதுவும் உள்ளாறயே இருக்கட்டும். பால் காய்ச்சின அன்னிக்கே பழைய வூட்ட யாராச்சும் காலி பண்ணுவாங்களா?”

இரண்டு வருஷம் கழித்து உறவு இப்போதுதான் ஒட்டியிருக்கிறது, இதற்குப் போய் எதிர்த்துப் பேசுவானேன் என்று தில்லைநாதன் பழையதையும் மாட்டி, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டான். மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கடையில் பொத்தானை அமுக்கினார். பெருக்கினார், தெளித்தார், ஊதுவத்தி காட்டினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எப்படி இருக்கிறது என்று பக்கிரி எட்டிப் பார்த்தான்.

“பறக்குது” என்றார் பழனிவேல்.

போனில் தில்லைநாதன் கேட்டபோதும் பறக்கிறது என்றுதான் சொன்னார். பால்காரரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் ஊரையே கூட்டுகிற மனிதர், ஊர்ந்து கிடக்கிற கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து வாயைப் பூட்டிக்கொண்டார். அந்த நிதானத்திலேயே மகளின் பத்திரிகையை அமைத்தார். ஒரு வாரமாகத் திருத்தித் திருத்தி, தாய்மாமன் பெயரை மாப்பிள்ளை வீட்டாரே முறைக்கிற அளவுக்குப் பெரிதாகப் போட்டார். அச்சுக்கு அனுப்ப இருந்த காலையில் கம்ப்யூட்டர் கடைசியாக ஒரு டிக் சொல்லிவிட்டு நின்றுபோனது.

தில்லைநாதன் அடுத்த பஸ்ஸில் வந்தான். திறந்து பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“மாமா, ரெண்டும் உள்ளாற இருந்ததுல, இத்தினி நாளும் அது பழைய டிஸ்க்குலதான் ஓடியிருக்கு. பால் காய்ச்சினதோட சரி, நீங்க குடியே போவல. மூடறதுக்கு முன்னாடி நாந்தான் பாத்திருக்கணும்.”

மற்றதெல்லாம் புதியதில் பத்திரமாக இருந்தது. சிதம்பரத்திலிருந்து வந்தபிறகு செய்த ஒரே வேலையான மகளின் பத்திரிகை மட்டும் பழையதோடு போய்விட்டது. தில்லைநாதன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

“ஆமா, மொத நாளே ஸ்லோன்னு தெரிஞ்சிருக்குமே. ஏன் மாமா சொல்லல?”

பழனிவேல் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“சொன்னா நீ கோவிச்சுக்கினு போயிடுவ. அப்புறம் எம்பொண்ணுக்கு மால போட யாரு வருவா?”

தில்லைநாதன் குனிந்து பழைய டிஸ்க்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் மாமா, இரண்டு பேருமாக மறுபடி அடித்துவிடலாம் என்றான். அதைக் கேட்டுப் பழனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு, அது எழுந்து வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம் என்று துண்டை எடுத்தார். துண்டு முகத்துக்குப் போவதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவ்ளோ வேகம் ஆவாது மச்சான்” என்றார் பழனிவேல்.