பின்பக்கம் முன்னால்

அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் வெர்னா கோசிக்கின் கை அப்படியே நின்றுவிட்டது.

சாண்டா அனாவில், ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளுக்கு, எவ்வளவு கெடாமல் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போடும் கம்பெனி ஒன்றின் மூடும் அறையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. மதிப்பெண் வாங்கிய அட்டை தன் சீட்டோடு அவள் மேசைக்கு வரும். காற்றடித்துத் தூசியை விரட்டி, மெல்லிய உறையில் செருகி, கெட்டிப் பிளாஸ்டிக்கின் ஒரு பாதியில் படுக்க வைப்பாள். தலைமாட்டில் சீட்டு. மறுபாதியால் மூடி இயந்திரத்தில் வைத்தால் ஓரங்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்தால்தான் திறக்கும். இந்த வேலைக்காகவே அவள் நகம் வளர்த்ததில்லை. கைக்குக் கிரீம் பூசியதில்லை.

இது 1958ஆம் வருடத்து அட்டை. பின்பக்கத்தில் பென்சிலால் கோணல் எழுத்துகள்: ‘இது வெர்னாவோடது. லீலண்ட் தொடக் கூடாது.’

எழுதியவள் அவள்தான். ஏழு வயதில், டொலீடோவில், சமையலறை மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதியது. பபிள்கம் பொட்டலத்தோடு வரும் அட்டை அது; அண்ணன் லீலண்ட் ஒரு கோடை முழுவதும் மென்று மென்று தாடை வலித்துப் பெற்றது. கிறுக்கியதற்காக ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. “குப்பையில போட்டுட்டேன்” என்றான். அவள் நம்பினாள்.

பின்னால் வந்த சண்டை பெரியது. அம்மா போனபின் வீட்டை விற்பதில் பேச்சு முற்றி, “எனக்கு அண்ணனே கிடையாது, போ” என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். போனவன் போனவன்தான். இருபத்தாறு வருடம். அவள் போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

இப்போது இந்த அட்டையை அனுப்பியது யார்? அவனா? அவன் இருக்கிறானா?

மூடும் அறையில் யாருக்கும் அனுப்பியவர் பெயர் தெரியாது. எண் மட்டும்தான். ஆபீசில் போய்க் கேட்டால் வேலை போய்விடும். ஆனால் ஒரு வழி இருந்தது. தப்பாக மூடிய அட்டை திரும்பி வந்தால், அதோடு வரும் கடிதத்தை மூடியவரின் மேசையிலேயே வைப்பார்கள், புத்தி வரட்டும் என்று.

வெர்னா அட்டையின் பின்பக்கத்தை முன்னால் வைத்து மூடினாள்.

சரிபார்க்கும் மேசையில் ஓஃபீலியா அதைத் தூக்கிப் பிடித்தாள். “வெர்னா, இங்க வாடி. இதென்ன, ஆட்டக்காரன் கோவிச்சுக்கிட்டுச் சுவத்தைப் பாத்து நிக்கிறான்?”

“கை தவறிடுச்சு.”

“உனக்கா? கண்ணாடியைத் துடைச்சுப் போடு கிழவி. குடு, உடைச்சுடறேன்.”

“உடைக்காதே. அதுல இருக்கிறது என் எழுத்து.”

ஓஃபீலியா படித்தாள். அண்ணன் கதை அவளுக்குத் தெரியும். “அவன்தான் அனுப்பினான்னு என்ன நிச்சயம்?”

“தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இப்படிப் பண்ணேன்.”

“என் வேலை போச்சுன்னா உன் வீட்டுல வந்து உக்காந்துப்பேன். மூணு வேளையும் நீதான் ஆக்கிப் போடணும்.”

“உன் பூனையையும் கூட்டிட்டு வா.”

ஓஃபீலியா பெருமூச்சு விட்டு, அதைச் சரியானவற்றின் தட்டில் வைத்தாள்.

ஐந்து வாரம் வெர்னா காத்திருந்தாள். காரை ஓட்டும்போதெல்லாம், “லீலண்ட், நான்தான்” என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள்.

ஆறாவது வாரம் அட்டை வந்தது. கடிதத்தில் அண்ணனின் கையெழுத்து இல்லை. ஆக்ரனில் அட்டைக் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்:

‘உங்கள் ஆட்கள் தூங்கிக்கொண்டா வேலை செய்கிறார்கள்? டொலீடோவில் போன வருடம் இறந்துபோன கோசிக் என்ற கிழவரின் வீட்டுச் சாமான்களோடு வாங்கியது இது. அவரும் இதையேதான் செய்திருந்தார். கட்டிலுக்கு எதிரே, சின்னச் சட்டத்துக்குள், கிறுக்கல் தெரியும்படி மாட்டி வைத்திருந்தார். அவருக்குத்தான் கிறுக்கு, உங்களுக்கு என்ன? ஆட்டக்காரரின் முகம் தெரியும்படி மூடி அனுப்புங்கள்.’

வெர்னா இரண்டு தடவை படித்தாள். ஓஃபீலியா அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

“நீ வெளிய போய்க் கொஞ்சம் உக்காரு. நான் மூடறேன்.”

“வேண்டாம். நான்தான் மூடணும்.”

இடுக்கியால் பிளாஸ்டிக்கின் மூலையை நெரித்தாள். அட்டை வெறும் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு நாளும் கண் விழித்ததும் அவன் பார்த்த எழுத்து. அவள் ஒரு முறை விரலால் தடவப் போனாள். பென்சில் அழிந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு திருப்பி, முகம் மேலே தெரிய வைத்து, சீட்டைப் பொருத்தி, மூடினாள்.

இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அதன் மேல்தட்டு இறங்கும். கண்ணைத் துடைக்க அவளிடம் கை மிச்சமில்லை.