பின்திரையில் ஓர் அருவி

கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் டர்பன்டைனைத் திறந்ததும், மணவாள நகரில் அப்பா வைத்திருந்து இப்போது இல்லாமல் போன போட்டோ ஸ்டுடியோ மூக்கில் ஏறிவிட்டது. தகரக் கூரைச் சூட்டில் ஆயில் பெயின்ட் குழைத்துக் காலண்டரைப் பார்த்து நான் வரைந்த பின்திரையில், மலையும் மாலை வெயிலும் வந்துவிட்டன, அருவிதான் வரவில்லை.

“இன்னாடி, உங்கப்பா வேட்டிய காயப் போட்ட மாரி கீது?” என்றாள் அம்மா.

“கல்யாண சீசனுக்குள்ள அருவி வரலன்னா வேற ஆளு வச்சுக்கிறேன்” என்றார் அப்பா.

பிரதோஷத்தன்று திருவாலங்காட்டில் பாலாபிஷேகம் பார்த்தேன். லிங்கத்தின் உச்சியில் பட்டு உடைந்த பால், ஓரங்களில் மெலிந்து கீழே நுரைத்தது. ஈசனே வழி காட்டினார். திரும்பி வந்து திரையிலிருந்த ‘வேட்டி’யைத் துடைத்தெடுத்து, முதலில் பாறையை வரைந்து, அதன்மேல் வெள்ளையை விழவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். வாசலுக்குத் திரும்பிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.